வெர்சாய் மொய்

எங்கள் வீட்டு மரப்பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே ஒரு மொய் நோட்டு இருக்கிறது. நீளவாக்கில் திறக்கிற கணக்குப்பிள்ளை நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. அதன் கீழே தாத்தாவின் கையெழுத்தில் யார் வந்தார், எவ்வளவு எழுதினார், குடமா அண்டாவா என்று எல்லாம் வரிசையாக இருக்கும். திருப்பிச் செய்துவிட்ட பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘செய்தாச்சு’ என்று ஒரு குறிப்பு. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் எந்தப் பங்காளி ஒரு ரூபாய் எழுதிவிட்டுக் குடும்பத்தோடு இரண்டு வேளை சாப்பிட்டுப் போனார் என்பதை மட்டும் விரல் வைத்துக் காட்டுவாள்.

மொய்க்கு ஒரு சட்டம் உண்டு. வைத்தது திரும்பி வர வேண்டும், கொஞ்சம் கூடுதலாக வர வேண்டும். பைசா பிசகாமல் வைத்ததையே திருப்பி வைத்தால், ‘கணக்கை முடிச்சிட்டான்’ என்று பொருள். அதோடு போக்குவரத்து நின்றுவிடும்.

முதல் உலகப் போர் முடிந்ததும் 1919இல் பாரிஸில் பெரிய மனிதர்கள் கூடி, தோற்ற ஜெர்மனியோடு சமாதானம் செய்துகொண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். பிற்பாடு அந்த வெர்சாய் ஒப்பந்தத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு அப்பத்தாதான் நினைவுக்கு வந்தாள். 440 ஷரத்துகள். அசல் மொய் நோட்டு.

நோட்டின் முதல் வரி 1871இல் எழுதப்பட்டது. பிரான்ஸை அடித்து வீழ்த்திய பிரஷ்யர்கள், சிதறிக் கிடந்த ஜெர்மன் ராஜ்யங்களையெல்லாம் சேர்த்து ஒரே சாம்ராஜ்யம் என்று அறிவிக்க நாள் குறித்தார்கள். ஜனவரி 18. சரி, இடம்? பெர்லினில் அரண்மனை இல்லையா என்ன? இருந்தது. ஆனால் பிஸ்மார்க் தேர்ந்தெடுத்தது பதினான்காம் லூயி கட்டிய வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தை. பக்கத்து வீட்டுக்காரனை அடித்துப் படுக்கவைத்துவிட்டு, அவன் வீட்டு நடுக்கூடத்திலேயே நம் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி. கிளம்பும்போது அல்சேஸையும் லொரேனில் ஒரு பகுதியையும் மடியில் கட்டிக்கொண்டு, 500 கோடி ஃபிராங்க் அபராதமும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பிரான்ஸ் அதைத் தவணைக்கு முன்பே, 1873இல் கட்டி முடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியது. கட்டிவிட்டு நோட்டை எடுத்துப் பீரோவில் பத்திரமாக வைத்தது.

அந்தத் தோல்வியின்போது பாரிஸின் மோன்மார்த்ர் பகுதிக்கு மேயராக இருந்தவர் ஓர் இளம் டாக்டர். பெயர் ஜார்ஜ் கிளெமென்சோ. 1919இல் அவருக்கு 77 வயது, பதவி பிரதமர், பட்டப்பெயர் புலி. பீரோ சாவி இவரிடம்தான் இருந்தது.

போர் நின்றதே ஒரு ரயில் பெட்டியில். 1918 நவம்பரில், கொம்பியேன் காட்டுக்குள் நின்ற ரயிலுக்கு ஜெர்மன் தூதுக்குழு வந்தது. நேச நாட்டுத் தளபதி ஃபோஷ் அவர்களைப் பார்த்து, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். போர் நிறுத்தம் பற்றி நீங்கள் முன்வைக்கும் யோசனையைக் கேட்க வந்தோம் என்றார்கள். என்னிடம் யோசனை எதுவும் கிடையாதே என்றார் ஃபோஷ். கடன் கேட்டு வந்தவனிடம் ‘எங்க இந்தப் பக்கம்?’ என்று விசாரிக்கிற அதே குரல். கடைசியில் வந்தவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை அவர் விடவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் குழுவின் தலைவர் எர்ஸ்பெர்கர் ஒரு சிவிலியன், அரசியல்வாதி. போரை நடத்திய ஜெர்மன் தளபதிகள், தோல்விப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளன்று மட்டும் மிகுந்த அடக்கத்தோடு பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். பிறகு அவர்களே, ‘களத்தில் நாங்கள் தோற்கவே இல்லை, முதுகில் குத்திவிட்டார்கள்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு எர்ஸ்பெர்கரை 1921இல் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தளபதிகளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

சமாதான மாநாடு 1919இல் பாரிஸில் தொடங்கியது. எந்த நாளில்? ஜனவரி 18. ஐரோப்பியர்கள் நாள் நட்சத்திரம் பார்க்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? நம் ஜோசியர்கள் ராகுகாலம், எமகண்டம், சூலம் பார்த்து நல்ல நேரம் குறிப்பார்கள். இவர்கள் எதிராளி ஜெயித்த தேதியைப் பார்த்துக் குறித்தார்கள்.

பஞ்சாயத்துக்கு 30 நாடுகளுக்கு மேல் வந்திருந்தன. யார் மேல் வழக்கோ அந்த ஜெர்மனிக்கு மட்டும் அழைப்பு இல்லை. முதலில் நமக்குள் பேசி முடிவெடுப்போம், அப்புறம் அவர்களைக் கூப்பிட்டுப் பேரம் பேசலாம் என்பது ஆரம்பத் திட்டம். நமக்குள் பேசி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிட்டதால் இரண்டாவது பாதியை ரத்து செய்துவிட்டார்கள்.

பிரிட்டிஷ் கோஷ்டி மஜெஸ்டிக் ஹோட்டலில் தங்கியது. பிரெஞ்சு வேலையாட்கள் ஒற்றர்களாக இருக்கலாம் என்ற பயத்தில் சமையல்காரர் முதல் எடுபிடிவரை எல்லோரையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். விளைவு, பாரிஸ் நகரத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆறு மாதம் இங்கிலீஷ் சாப்பாடு. தஞ்சாவூருக்குப் போய் ஆஸ்பத்திரி கஞ்சி குடித்த கதை. ஒற்றனுக்குப் பயந்து நாக்கையே தியாகம் செய்தவர்கள், ரகசியக் காகிதங்களை வைத்திருந்ததோ பக்கத்து அஸ்டோரியா ஹோட்டலில். அங்கே பெருக்கித் துடைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

நாட்டாமைகள் நான்கு பேர். அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் பழைய கல்லூரி வாத்தியார். 14 அம்சத் திட்டம் என்று ஒன்றை 1918 ஜனவரியிலேயே அறிவித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறி வந்தார். எல்லா மக்களுக்கும் சுயநிர்ணயம், ரகசிய ஒப்பந்தங்கள் கூடாது, தேசங்களின் சங்கம் ஒன்று வேண்டும் என்றெல்லாம் பிரமாதமான சரக்கு. ‘ஆண்டவனே பத்தோடு நிறுத்திக்கொண்டார், இவருக்குப் பதினான்கா?’ என்று கிளெமென்சோ முனகியதாக ஒரு கதை உண்டு. அவர் சொல்லாவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அப்போதுதான் தேர்தலில் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். எலுமிச்சம்பழத்தைக் கொட்டை கதறும்வரை பிழிவோம் என்று அவர் கோஷ்டி மந்திரி ஒருவர் மேடையில் பேசியிருந்தார். கூட்டத்தில் கைதட்டல் விழுந்த பேச்சைப் பிறகு திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் உள்ளுக்குள் லாயிட் ஜார்ஜுக்கு வேறு கணக்கு. ஜெர்மனி அடியோடு சாய்ந்துவிட்டால் பிரிட்டன் யாரிடம் வியாபாரம் செய்வது? கடைக்கு வருகிற பழைய வாடிக்கைக்காரனைக் கொஞ்சம் உயிரோடு விட்டுவைக்க வேண்டும்.

இத்தாலியின் ஓர்லாண்டோ நான்காவது நாட்டாமை. ஃபியூமே என்ற துறைமுகம் வேண்டும் என்று கேட்டார், வில்சன் மறுத்தார். ஓர்லாண்டோ எல்லார் முன்னாலும் ஜன்னலோரம் போய் நின்று அழுதார். ஏப்ரலில் கோபித்துக்கொண்டு ரயிலேறி ஊருக்கே போய்விட்டார். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் யாராவது பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடிப்பார்கள் அல்லவா? இங்கே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் அவரே திரும்பி வந்து, சொக்காயைத் தட்டிக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிப்ரவரி 19ஆம் தேதி கிளெமென்சோவை ஓர் இளைஞன் காரில் வைத்துச் சுட்டான். பல முறை சுட்டும் ஒன்றுதான் உடம்புக்குள் போனது. அந்தக் குண்டைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. படுத்துக்கொண்டே புலி வருத்தப்பட்டது எதற்குத் தெரியுமா? இவ்வளவு பெரிய போரில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறோம், நம் ஊர்ப் பையன் இத்தனை கிட்டத்தில் நின்று இப்படிக் குறி தவறிச் சுடுகிறானே என்று.

தேசங்களைப் பங்கு போட்ட விதத்தை நான் இங்கே முழுக்கச் சொல்லப்போவதில்லை, வயிறு எரியும். தரையில் பெரிய வரைபடத்தை விரித்து, உலகத்தின் தலைவர்கள் மண்டியிட்டுத் தவழ்ந்து தேடினார்கள் என்பதோடு விடுகிறேன். டெஷென் என்று ஓர் ஊருக்காகப் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அடித்துக்கொண்டன. அந்த ஊரைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று லாயிட் ஜார்ஜ் பிறகு பாராளுமன்றத்திலேயே சொன்னார். அதற்கும் ஒரு நேர்மை வேண்டும். நம் ஊர் சர்வேயர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு வாரத்தை மட்டும் சொல்லாமல் போக முடியாது. ஏப்ரல் 11ஆம் தேதி, எல்லா இனங்களும் சமம் என்ற கருத்தைச் சங்கத்தின் விதியில் சேருங்கள் என்று ஜப்பான் கேட்டது. 17 ஓட்டில் 11 ஆதரவு. அப்படியென்றால் தீர்மானம் நிறைவேறிவிட்டதா? இல்லை. தலைமையில் இருந்தவர் வில்சன். இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பெரும்பான்மை போதாது, ஏகமனதாக வேண்டும் என்று சொல்லித் தள்ளிவிட்டார். சுயநிர்ணயம் பேசிய அதே வாய். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 13ஆம் தேதி, அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக். அந்தச் சுயநிர்ணயத்தில் எங்களுக்கும் ஒரு கரண்டி கிடைக்குமா என்று பந்தியில் காத்திருந்த நமக்குப் பரிமாறியது அதுதான்.

இத்தனைக்கும் அந்த மாநாட்டில் இந்தியாவுக்குத் தனி நாற்காலி உண்டு. போருக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைக் கடல் தாண்டி அனுப்பியிருந்தோம், அதில் 60,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஒன்று பிகானேர் மகாராஜா கங்கா சிங். இன்னொன்று இந்தியாவுக்கான மந்திரி எட்வின் மாண்டேகு, லண்டன்காரர். தன் வீட்டுச் சாவி தன் கையில் இல்லாத ஒரு நாடு, ஊரார் வீட்டுப் பாகப்பிரிவினைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதை.

நமக்கும் ஜெர்மனிக்கும் நேரடி வழக்கு ஒன்றும் இருந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே மூட்டை முடிச்சோடு கிளம்பியது. அன்றிலிருந்து நம்மிடம் கெட்டிக்கார எத்தனுக்கு ‘சரியான எம்டன்’ என்று பெயர். அந்தக் கப்பலின் கேப்டன் முல்லர். ஐந்து வருஷம் கழித்து ஜெர்மனிக்காக வெர்சாயில் கையெழுத்துப் போட்ட மந்திரியும் ஒரு முல்லர். உறவெல்லாம் கிடையாது. அங்கே முல்லர் என்பது நம் ஊர் முருகேசன் மாதிரி. ஒரு முருகேசன் கொளுத்தினான், இன்னொரு முருகேசன் தண்டம் கட்டினான்.

இனி நோட்டுக்கு வருவோம். ஒப்பந்தம் என்றால் கம்பீரமான வாசகங்களாக இருக்கும் என்று நினைத்துத்தான் நானும் திறந்தேன். இழப்பீட்டுப் பகுதியின் பிற்சேர்க்கை ஒன்றில் இப்படி ஒரு சீர்வரிசைப் பட்டியல்: பிரான்ஸுக்குப் பொலிகுதிரை 500, பெண்குதிரை 30,000, காளை 2,000, கறவை மாடு 90,000, கிடா 1,000, செம்மறி 100,000, வெள்ளாடு 10,000. பெல்ஜியத்துக்குத் தனிப் பட்டியல். அதில் கறவை 50,000, கிடாரி 40,000, பெண்பன்றி 15,000. எல்லாம் நோய்நொடி இல்லாமல், சராசரி ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. உலக நாகரிகத்தின் எதிர்காலத்தை நிர்ணயிக்கும் ஆவணத்தில், பல்லைப் பிடித்துப் பார்க்காத குறையாக மாட்டுத்தரகு. ஜெர்மானியர்கள் போரில் ஓட்டிக்கொண்டு போனதற்குப் பதில்தான் இது, நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பத்தாயிரம் வெள்ளாட்டை யார், எந்த அறையில், எந்த முகத்தை வைத்துக்கொண்டு டைப் அடித்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

246ஆம் ஷரத்து இன்னும் மேலே. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற ஹெஹே இனத்துத் தலைவர் ம்க்வாவா 1898இல் பிடிபடாமல் தற்கொலை செய்துகொண்டார். அவர் தலையை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது புகார். ஆறு மாதத்துக்குள் அந்த மண்டையோட்டை பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஷரத்து. அதே ஷரத்தின் முன்பாதியில் மதீனாவிலிருந்து போன பழைய குர்ஆன் பிரதி ஒன்று. அடுத்த ஷரத்தில் லூவேன் பல்கலைக்கழகத்துக்குப் புத்தகங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், ஒயின்களுக்கு ஊர்ப்பெயர் வைக்கிற உரிமையை மதிக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து. இனி ஜெர்மனியில் நினைத்தவர்கள் எல்லாம் ஷாம்பெய்ன் என்று லேபிள் ஒட்ட முடியாது. நான்கு வருஷம் பதுங்குகுழியில் கிடந்து செத்தவர்களின் பெயரால் எழுதிய பத்திரத்தில், சந்தடி சாக்கில் சரக்குக்கும் காப்புரிமை!

புகழ்பெற்ற 231ஆம் ஷரத்து, போரால் வந்த நஷ்டத்துக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்றது. அதை வரைந்த இருவரில் ஒருவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், 31 வயது வக்கீல், பின்னாளில் அமெரிக்க வெளியுறவு மந்திரி. வக்கீல் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். 231இல், எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு. அடுத்த 232இலேயே, ஆனால் எல்லாவற்றையும் கட்ட உனக்கு வசதி போதாது என்று எங்களுக்குத் தெரியும். பழியை முழுசாகப் போட்டு, பாக்கியில் கழிவு கொடுக்கிற ஏற்பாடு. ஜெர்மனியில் 232ஐ ஒருவரும் படிக்கவில்லை. 231 குழந்தைக்கும் மனப்பாடம்.

ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் குழு பாரிஸுக்குக் கிளம்பியது. போரில் தரைமட்டமான பகுதிகளுக்குள் வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் ரயிலை வேண்டுமென்றே ஊர விட்டார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. தங்குவதற்கு வெர்சாயில் ஹோட்டல் தே ரெசர்வுவார். 1871இல் தோற்ற பிரெஞ்சுத் தலைவர்கள் தங்கி பிஸ்மார்க்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அதே ஹோட்டல்! பெட்டி படுக்கையை முற்றத்தில் இறக்கிப் போட்டுவிட்டு, அவரவர் தூக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் காபி கொடுக்காமல் உட்கார வைத்தால் மூன்று தலைமுறை பேசுகிற ஊரிலிருந்து எழுதுகிறேன், இதன் கனம் எனக்குத் தெரியும். அறைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கும் என்று பயந்த ஜெர்மானியர்கள், ரகசியம் பேச வேண்டியபோதெல்லாம் இசைத்தட்டையோ பியானோவையோ சத்தமாக ஓடவிட்டார்கள். அந்த வெர்சாய் வசந்தத்தில் வாக்னர் இசை கேட்டபோதெல்லாம் யாரோ நஷ்டஈட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

மே 7ஆம் தேதி நிபந்தனைகளைக் கொடுத்தார்கள். லூசிட்டேனியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்து அன்றோடு நான்கு வருஷம். நாள் குறிப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. கிளெமென்சோ நின்றுகொண்டு பேசினார். பதில் சொன்ன ஜெர்மன் வெளியுறவு மந்திரி ப்ராக்டார்ஃப்-ரன்ட்சாவ் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். கால் நடுங்கியதா, திமிரா என்று இன்றுவரை பட்டிமன்றம் நடக்கிறது. பேச்சைக் கேட்டு லாயிட் ஜார்ஜ் கையிலிருந்த தந்தக் காகிதக் கத்தியை இரண்டாக உடைத்துவிட்டார். ஜெர்மானியர் மீது பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்பது இப்போதுதான் புரிகிறது என்றாராம். நாலு வருஷ யுத்தத்தில் புரியாதது, ஒருவர் எழுந்து நிற்காததில் புரிந்துவிட்டது. மனிதன் எங்கே போனாலும் மனிதன்தான்.

இதற்கிடையில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஸ்காப்பா ஃப்ளோ என்ற இடத்தில், ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் காவலில் நின்றன. இந்தக் கப்பல்களை யார் எத்தனை எடுத்துக்கொள்வது என்று பாரிஸில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 21 காலை, காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் கப்பல் படை பயிற்சிக்கென்று கடலுக்குள் போனது. வீட்டைப் பூட்டாமல் சந்தைக்குப் போனது மாதிரி. ஜெர்மன் அட்மிரல் ராய்ட்டர் கொடியசைத்துச் சைகை கொடுத்தார். மாலுமிகள் அடி வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கென்று உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சின்னக் கப்பலில் ஏற்றி ஜெர்மன் கப்பல்களைச் சுற்றிக்காட்ட அழைத்து வந்திருந்தார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் ஒவ்வொன்றாக ஒருக்களித்து, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே போனது. இதுவும் சுற்றுலாவில் சேர்ந்தது என்று நினைத்துச் சில பிள்ளைகள் கைதட்டியிருந்தால் தப்பில்லை. ஆத்திரத்தில் பிரிட்டிஷ்காரர்கள் சுட்டதில் ஒன்பது ஜெர்மானியர் செத்தார்கள். 52 கப்பல் மூழ்கியது. பங்கு பிரிக்கிற சண்டை ஒரே மத்தியானத்தில் தீர்ந்துபோனதில் பிரிட்டிஷ் அதிகாரிகளில் சிலருக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். 1920களில் ஒரு பழைய இரும்பு வியாபாரி அந்தக் கப்பல்களில் பலவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி எடைக்குப் போட்டார். கடைசியில் கணக்குப் பார்த்தால் அவருக்கும் நஷ்டம்தான்.

பெர்லினில் பிரதமர் ஷைடமான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ராஜினாமா செய்தார். கெடு முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கையில் புது அரசாங்கம் சம்மதம் என்று தந்தி அடித்தது. ஜூன் 28, கண்ணாடி மண்டபம். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுப் போருக்குத் திரி வைத்த அதே ஜூன் 28, ஐந்து வருஷம் கழித்து. முல்லரும் பெல் என்ற இன்னொரு மந்திரியும் வெளிறிப்போய் வந்து கையெழுத்துப் போட்டார்கள். முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுச் சிப்பாய்களைக் கிளெமென்சோ அங்கே நிறுத்திவைத்திருந்தார். இந்த ஓர் இடத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

சற்று நேரத்தில் மண்டபத்தில் கல்யாண வீட்டுக் களை. பிரதிநிதிகள் நிகழ்ச்சி நிரல் அட்டையை நீட்டி ஒருவருக்கொருவர் ஆட்டோகிராஃப் வாங்கத் தொடங்கினார்கள். ஜெர்மானியர்கள் பக்கம் யாரும் போகவில்லை. கடைசியில் பொலிவியா நாட்டுக்காரர் ஒருவர் துணிந்து அட்டையை நீட்டினார், பிறகு இரண்டு கனடாக்காரர்கள். ஜெர்மானியர்கள் பேனாவை மூடக்கூட இல்லை, அதற்குள் இப்படி.

ஒப்பந்தம் போட்ட வில்சன் ஊருக்குத் திரும்பினார். அமெரிக்க செனட் அதை ஏற்க முடியாது என்று அந்த நவம்பரிலேயே தள்ளிவிட்டது, மறு மார்ச்சில் இன்னொரு முறையும் தள்ளியது. ஊருக்கெல்லாம் சீட்டு சேர்த்த ஆள் தன் வீட்டில் மட்டும் சீட்டு சேர்க்க முடியாமல் போனார்.

மொத்தத் தொகையை 1921இல்தான் சொன்னார்கள். 13,200 கோடி தங்க மார்க். இதில் 5,000 கோடிதான் உண்மையில் வசூலிக்க நினைத்தது, மிச்சம் பத்திரங்கள் ஒருநாளும் வராது என்று எழுதியவர்களுக்கே தெரியும். மண்டபத்தில் மைக்கில் வாசிக்கிற மொய் வேறு, கவரில் இருக்கிற மொய் வேறு, அவ்வளவுதான். வாசித்தது பிரான்ஸ், பிரிட்டன் வாக்காளர்களுக்காக. கேட்டுக் கொதித்தது ஜெர்மனி வாக்காளர். இழப்பீட்டில் ஒரு பங்கைப் பொருளாகவும் தர வேண்டும்; 1922 கடைசியில் ஜெர்மனி அனுப்ப வேண்டிய தந்திக் கம்பங்கள் சொன்ன எண்ணிக்கையில் வந்து சேரவில்லை. மரக்கம்பம் குறைந்தது, நிலக்கரி குறைந்தது என்று காரணம் காட்டி, மறு ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் புகுந்தன. ஜெர்மன் அரசு வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு நோட்டடித்துச் சம்பளம் கொடுத்தது. 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். பிறகு அமெரிக்கா ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தது. ஜெர்மனி அதை எடுத்து பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் கட்டியது. அவர்கள் அதை எடுத்து அமெரிக்காவிடம் வாங்கிய போர்க்கடனை அடைத்தார்கள். ஒரே நூறு ரூபாய்த் தாள் நாலு மச்சான்களிடம் சுற்றி வந்து எல்லாருக்கும் கடன் தீர்ந்தது போலத் தெரிகிற வித்தை. 1929இல் தாள் தொலைந்தது.

எதிர்மொய் 1940 ஜூன் 22. இந்த முறை தோற்றது பிரான்ஸ். ஃபோஷ் உட்கார்ந்த அந்த ரயில் பெட்டி கொம்பியேனில் அருங்காட்சியகத்துக்குள் இருந்தது. ஜெர்மானியர்கள் சுவரை இடித்துப் பெட்டியை வெளியே இழுத்து, 1918இல் நின்ற அதே இடத்தில், அதே தண்டவாளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் நாள் ஹிட்லர் வந்து ஃபோஷின் நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்தார், முன்னுரை வாசித்தது வரைக்கும் இருந்தார், எழுந்து போய்விட்டார். காரியம் முடிந்ததும் அங்கிருந்த நினைவுச்சின்னங்களை உடைத்தார்கள். ஃபோஷ் சிலையை மட்டும் உடைக்கவில்லை. நின்று இந்தப் பாழைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டார்களாம். பெட்டியைப் பெர்லினுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள், 1945இல் அது எரிந்துபோனது. எதிர்கால முகூர்த்தங்களுக்கு அதனால் ஒரு மண்டபம் குறைந்தது.

ஆறு மாத கெடு வைத்த மண்டையோடு 1954இல் ஊர் திரும்பியது. அந்தப் பகுதியின் பிரிட்டிஷ் ஆளுநர் ட்வைனிங் நேரில் ஜெர்மனியின் ப்ரெமன் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே மண்டையோடுகள் ஏராளம், ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. ம்க்வாவாவின் உறவினர் தலைகளை அளந்து எடுத்த கணக்கோடு ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது அவருடையதுதானா என்பது அந்த மண்டையோட்டுக்குத்தான் வெளிச்சம். இன்று தான்சானியாவில் மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

பணம்? இழப்பீட்டுக்காக அந்தக் காலத்தில் வெளியிட்ட கடன்பத்திரங்களின் வட்டியில் ஒரு பகுதியை, ஜெர்மனி ஒன்றுபட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1953இல் ஒத்திப்போட்டிருந்தார்கள். ஒன்றுபடுமென்று அப்போது யார் கண்டது. 1990 அக்டோபர் 3இல் ஒன்றுபட்டே விட்டது. கடைசித் தவணை 2010 அக்டோபர் 3இல் தீர்ந்தது, சுமார் 7 கோடி யூரோ. வைத்ததற்கு மேல் ஒரு பைசா கூடுதலாக வைக்கவில்லை. யாரும் கண்ணாடி மண்டபத்தை வாடகைக்குக் கேட்கவில்லை, ரயில் பெட்டியைத் தேடவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போதாக்குறைக்கு ஜெர்மனியில் தேசிய விடுமுறை. பத்தாயிரம் வெள்ளாட்டைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.